அடுக்குமாடி எஸ்டிபியை (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தை) ஓட்டுவது எப்படி: வடசென்னைக் குடியிருப்போர் சங்கங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

கழிவுநீரைச் சுத்தம் செய்து மறுபடி பயன்படுத்துவது வடசென்னைக்குப் புதிய விஷயம் இல்லை. கொடுங்கையூரில் மெட்ரோவாட்டர் (சென்னைக் குடிநீர் வாரியம்) சுத்திகரித்த நீரை மணலியில் உள்ள பெட்ரோலிய, உர ஆலைகள் 1990களின் தொடக்கத்திலேயே காசு கொடுத்து வாங்க ஆரம்பித்துவிட்டன. 2019இல் கொடுங்கையூரிலேயே நாளுக்கு 4.5 கோடி லிட்டர் கொள்ளளவில் ஆர்ஓ வரை போகும் மூன்றாம் கட்ட நிலையம் வந்தது. அந்தத் தண்ணீரும் குழாய் வழியாக மணலிப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குத்தான் போகிறது.

அங்கே வேலை நடப்பதற்குக் காரணம், மறுமுனையில் ஒருவர் தண்ணீருக்காகக் காத்திருக்கிறார். நம் அடுக்குமாடிகளில் கதை தலைகீழ். மாதவரம், கொளத்தூர், பெரம்பூர் என்று பழைய ஆலை நிலங்களிலும் காலி மனைகளிலும் பெரிய குடியிருப்புகள் எழுந்தன. அனுமதிக்காக ஒரு எஸ்டிபி கட்டியாயிற்று. தண்ணீர் எங்கே போகும், யாருக்குத் தேவை என்று யாரும் யோசிக்கவில்லை. பில்டர் சாவியைச் சங்கத்திடம் கொடுத்துவிட்டுப் போன பிறகு, அது பேஸ்மென்டில் நாற்றம் அடிக்கும் ஒரு அறை, அவ்வளவுதான்.

அதனால் இந்த வழிகாட்டி மிஷினிலிருந்து தொடங்கவில்லை. தண்ணீர் போய்ச் சேரும் இடத்திலிருந்து தொடங்குகிறது.

முதலில் கணக்கு

300 வீடுகள், வீட்டுக்குச் சராசரி 4 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1,200 பேர். தலைக்கு நாளுக்கு 135 லிட்டர் என்ற வழக்கமான அளவுகோலில் 162 கிலோலிட்டர் செலவாகும். அதில் 80 சதவீதம் கழிவாக வரும் என்பது பொறியாளர்கள் போடும் கணக்கு. ஆக ஏறக்குறைய 130 கிலோலிட்டர்.

இனி செலவுப் பக்கம். கழிப்பறை ஃப்ளஷுக்குத் தலைக்கு 45 லிட்டர் என்றால் 54 கிலோலிட்டர். தோட்டத்துக்கும் பொது இடம் கழுவவும் சேர்த்து ஒரு 10 அல்லது 15. எவ்வளவு இழுத்தாலும் 70ஐத் தாண்டாது. மீதி 60 கிலோலிட்டர் எங்கே போகும்?

இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் ஓடும் எஸ்டிபிகளில்தான் இரவு இரண்டு மணிக்கு யாரோ ஒரு வால்வைத் திறந்து மழைநீர் வடிகாலில் விடுகிறார்கள். அது ஓட்டேரி நல்லாவிலோ கேப்டன் காட்டன் கால்வாயிலோ போய், பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரத்தில் மீன் பிடிப்பவர்கள் தலையில் விடிகிறது.

கணக்கு சரியாக வர இரண்டு மீட்டர்கள் வேண்டும். ஒன்று எஸ்டிபிக்குள் வரும் குழாயில், இன்னொன்று சுத்திகரித்த நீர் வெளியே போகும் குழாயில். உள்ளே வரும் குழாய்க்கு மின்காந்த வகை மீட்டர்தான் சரி. சக்கரம் சுற்றும் சாதாரண மீட்டரில் ஒரே வாரத்தில் முடியும் நூலும் சிக்கி நின்றுவிடும். தினமும் ஒரே நேரத்தில் ரீடிங் எடுங்கள். மே மாதக் கணக்கும் நவம்பர் கணக்கும் பெரிதாக வேறுபட்டால், மழைநீர் எங்கோ கழிவுநீர்க் குழாயில் கலக்கிறது என்று அர்த்தம்.

காகிதங்கள்

1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் கீழ் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இயக்க ஒப்புதல் தருகிறது. அது பில்டர் பெயரில் இருந்தால் சங்கத்தின் பெயருக்கு மாற்றுங்கள். காலாவதித் தேதியைச் செயலாளரின் போனில் மட்டும் வைக்காமல் எஸ்டிபி அறைச் சுவரிலும் எழுதி வையுங்கள். செயலாளர்கள் மாறுவார்கள், சுவர் மாறாது.

2017இல் மத்திய அரசு வெளியிட்ட விதிகளின்படி பெருநகரங்களில் வெளியேறும் நீரில் பிஓடி (அழுக்கைச் சிதைக்க பாக்டீரியாவுக்குத் தேவைப்படும் ஆக்ஸிஜன் அளவு) லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. மிதக்கும் திடப்பொருள் 50க்குக் கீழே, பிஎச் 6.5 முதல் 9 வரை, மலக்கிருமி எண்ணிக்கை 100 மில்லிக்கு 1,000க்குக் கீழே. 2019இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இதைவிடக் கடுமையாக, பிஓடி 10 என்றது. உங்களைக் கட்டுப்படுத்துவது உங்கள் ஒப்புதல் கடிதத்தில் அச்சாகியிருக்கும் எண்தான். கடிதத்தை எடுத்து ஒரு தடவை முழுதாகப் படியுங்கள். பல சங்கங்களில் அதை யாரும் திறந்ததே இல்லை.

தண்ணீர் போகும் வழி

நிர்வாகக் குழுவில் குறைந்தது இரண்டு பேராவது ஆப்பரேட்டரோடு ஒரு தடவை தண்ணீர் போகும் வழியிலேயே நடந்து பாருங்கள். முதலில் கம்பிச் சல்லடை. நாப்கின், பாலித்தீன் கவர், முடி எல்லாம் இங்கே நிற்கும். அடுத்து சமையலறைத் தண்ணீருக்கான எண்ணெய்ப் பொறி. அப்புறம் கலெக்‌ஷன் டேங்க். காலை 6 மணி முதல் 9 மணி வரை வெள்ளமாக வருவதைப் பிடித்து வைத்து, நாள் முழுக்கச் சீராக அடுத்த டேங்குக்கு அனுப்புவது இதன் வேலை. அடுத்து காற்று ஊதும் ஏரேஷன் டேங்க், அதையடுத்து சேற்றை அடியில் படிய விடும் செட்லிங் டேங்க், மணல் ஃபில்டர், கார்பன் ஃபில்டர், குளோரின், கடைசியில் சுத்தநீர்த் தொட்டி.

எம்பிபிஆர், எஸ்பிஆர், எம்பிஆர் என்று எஸ்டிபி வகையின் பெயர்ப் பலகை எதுவாக இருந்தாலும் உள்ளே வேலை செய்வது பாக்டீரியாதான். அதற்கு வேண்டியது காற்று, சீரான சாப்பாடு, கூட்டம் அதிகமானால் குறைப்பு. இந்த மூன்றையும் கவனித்தால் சுமாரான மிஷினும் நல்ல தண்ணீர் தரும்.

கலெக்‌ஷன் டேங்க் பம்பை லெவல் சுவிட்சை நம்பி விட்டுவிடாதீர்கள். டேங்க் நிறைந்ததும் அரை மணி நேரம் அடித்துத் தள்ளி, பிறகு மூன்று மணி நேரம் சும்மா இருந்தால் பாக்டீரியா பட்டினியும் விருந்துமாகத் தவிக்கும், செட்லிங் டேங்கில் ஸ்லட்ஜ் (பாக்டீரியா நிறைந்த சேறு) கிளம்பி வெளியே போகும். 130 கிலோலிட்டரை 20 மணி நேரத்துக்குப் பிரித்தால் மணிக்கு 6.5 கிலோலிட்டர். வால்வை அந்த அளவுக்கு நிறுத்தி, குறி போட்டு வையுங்கள்.

முதல் தடவை ஓட விடுவது

புது எஸ்டிபி, அல்லது மாதக்கணக்கில் நின்று கிடந்த எஸ்டிபி என்றால் கல்ச்சர், அதாவது பாக்டீரியா, போட வேண்டும். சாணமும் வெல்லமும் கரைத்து ஊற்றும் வழக்கம் சென்னை முழுக்க இருக்கிறது. தப்பில்லை, ஆனால் மெதுவானது. நன்றாக ஓடும் இன்னொரு எஸ்டிபியிலிருந்து ஏரேஷன் டேங்க் ஸ்லட்ஜை ஒரு லாரி கொண்டுவந்து ஊற்றுவதே சிறந்தது, தயிருக்கு உறை ஊற்றுவது மாதிரி. முதல் சில நாள் கழிவுநீரைக் கொஞ்சமாகவே விடுங்கள். காற்று ஊதும் ப்ளோயரை நிறுத்தாதீர்கள். இரண்டு மூன்று வாரத்தில் தண்ணீர் பழுப்பாகி, நாற்றம் மாறி, மழைக்குப் பிறகு மண்ணில் வருமே, அப்படி ஒரு வாசனை வரும். அது வந்தால் டேங்க் பிடித்துக்கொண்டது.

தினசரி வேலை: ஜாடி சோதனை

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

ஒரு லிட்டர் அளவு ஜாடி வாங்குங்கள். கண்ணாடி வேண்டாம், கீழே விழுந்தால் போச்சு. தெளிவான பிளாஸ்டிக்கே போதும். தினமும் காலை ஒரே நேரத்தில், ப்ளோயர் ஓடும்போது, ஏரேஷன் டேங்கின் நடுப்பகுதியிலிருந்து எடுத்து 1,000 மில்லி கோடு வரை நிரப்பி, ஆடாத இடத்தில் 30 நிமிடம் வையுங்கள். அந்த அரை மணி நேரமும் போனை எடுக்காமல் ஜாடியைப் பாருங்கள்.

முதல் ஐந்து நிமிடத்திலேயே துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, பஞ்சுப் பொதிகளாகி, மொத்தமாக இறங்க வேண்டும். மேலே நிற்கும் தண்ணீர் வழியாகப் பார்த்தால் பின்னால் பிடித்திருக்கும் செய்தித்தாள் எழுத்து தெரிய வேண்டும். அரை மணி முடிவில் ஸ்லட்ஜ் 250 முதல் 400 மில்லி வரை நின்றால் நல்லது.

ஸ்லட்ஜ் வெறும் 100 மில்லி, மேலே தண்ணீர் கலங்கல் என்றால் பாக்டீரியா போதவில்லை. டேங்கில் வெள்ளை நுரை பொங்குவதும் பெரும்பாலும் இப்போதுதான். ஸ்லட்ஜ் 700, 800 மில்லியில் நின்று இறங்கவே மாட்டேன் என்கிறதா? ஒன்று, ஸ்லட்ஜ் மிக அதிகமாகச் சேர்ந்துவிட்டது. இல்லையென்றால் நூல் மாதிரி வளரும் பாக்டீரியா பெருகிவிட்டது. எது என்று கண்டுபிடிக்க எளிய வழி: டேங்க் தண்ணீர் பாதி, தெளிந்த நீர் பாதி கலந்து மறுபடி வையுங்கள். நன்றாக இறங்கினால் அளவுதான் பிரச்சினை. அப்போதும் இறங்காவிட்டால் நூல் பாக்டீரியா. காற்றுக் குறைவு, எண்ணெய் அதிகம், சோப்பு அதிகம் என்று காரணத்தைத் தேடிப் போக வேண்டும்.

இன்னொரு வேடிக்கை. அரை மணியில் அழகாக இறங்கிய ஸ்லட்ஜ், ஒரு மணி நேரம் கழித்துக் கட்டியாக மேலே மிதந்து வரும். பார்க்கிறவர்கள் பதறிப்போய் ஏதேதோ பவுடர் வாங்கிப் போடுவார்கள். அது நைட்ரஜன் குமிழி தூக்கி வருவது. செட்லிங் டேங்கில் ஸ்லட்ஜ் நெடுநேரம் தங்குகிறது என்பதுதான் செய்தி. ஸ்லட்ஜை ஏரேஷன் டேங்குக்குத் திரும்ப அனுப்பும் பம்பை இன்னும் கொஞ்சம் ஓட விட்டால் போதும்.

மாதம் ஒரு தடவை ஆய்வகத்தில் எம்எல்எஸ்எஸ் (ஏரேஷன் டேங்க் தண்ணீரில் மிதக்கும் திடப்பொருளின் அளவு) பாருங்கள். லிட்டருக்கு 3,000 முதல் 4,000 மில்லிகிராம் வரை பெரும்பாலான எஸ்டிபிக்குப் பொருந்தும். எம்பிபிஆர், எம்பிஆர் என்றால் வடிவமைப்புத் தாளில் உள்ள எண்ணைப் பின்பற்றுங்கள். ஜாடி அளவை 1,000ஆல் பெருக்கி எம்எல்எஸ்எஸ்ஸால் வகுத்தால் ஸ்லட்ஜ் குறியீடு கிடைக்கும். 300 மில்லி, 3,000 மில்லிகிராம் என்றால் 100. 80க்கும் 150க்கும் நடுவில் இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம்.

ஜாடியின் அளவை நோட்டில் எழுதும்போது நிறம், வாசனை, நுரை மூன்றையும் ஒவ்வொரு வார்த்தையில் எழுதச் சொல்லுங்கள். சாக்லேட் பழுப்பு நல்லது. கறுத்துப்போய் அழுகிய முட்டை வாசனை வந்தால் காற்று போதவில்லை. நல்ல ஆப்பரேட்டருக்கு மீட்டர் சொல்வதற்கு முன்பே காது சொல்லிவிடும். "சார், ரெண்டாம் நம்பர் ப்ளோயர் நேத்து மாதிரி கத்தல, பெல்ட் வழுக்குது போல" என்று ஒருவர் வந்து சொன்னால், உடனே கீழே இறங்கிப் பாருங்கள். "சரி, பாக்கலாம்ணே" என்று மெயின்டனன்ஸ் மீட்டிங் வரை தள்ளிப்போட்டால் பெல்ட் விலை மோட்டார் விலையாகிவிடும்.

காற்று

கரண்ட் பில்லில் பெரும்பகுதி ப்ளோயருடையது. அதனால் சிக்கனம் என்றதும் எல்லோருடைய கையும் ப்ளோயர் சுவிட்சுக்குத்தான் போகும். இரவு எட்டு மணி நேரம் அணைத்து வைத்த எஸ்டிபியைக் காலையில் நாற்றத்தை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். மிச்சப்படுத்தத்தான் வேண்டுமென்றால் கையில் பிடிக்கும் ஆக்ஸிஜன் மீட்டர் ஒன்று வாங்கி, டேங்கில் கரைந்த ஆக்ஸிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராம் சுற்றி நிற்கும்படி ப்ளோயர் வேகத்தைக் குறைக்க விஎஃப்டி போடுங்கள். 4, 5 என்று காட்டினால் காசைத்தான் குமிழியாக விடுகிறீர்கள்.

டேங்கின் மேற்பரப்பைப் பாருங்கள். எங்கும் சின்னச் சின்னக் குமிழியாக வர வேண்டும். ஒரே இடத்தில் உலை கொதிப்பது போலப் பொங்கினால் கீழே காற்றைக் குமிழியாக்கும் டிஃப்யூசர் ரப்பர் கிழிந்திருக்கிறது. இன்னொரு மூலை அசையாமல் கிடந்தால் அங்கே அடைத்திருக்கிறது. இரண்டு ப்ளோயர் இருந்தால் மாற்றி மாற்றி ஓட்டுங்கள். ஸ்டாண்ட்பை என்று துணி போட்டு மூடி வைத்த ப்ளோயர், தேவைப்படும் நாளில் ஓடாது.

ஸ்லட்ஜை வெளியே எடுப்பது

நான் பார்த்தவரை வடசென்னையில் கெட்டுப்போன எஸ்டிபிகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு வேலையைச் செய்யாததால்தான் கெட்டன. பாக்டீரியா தின்று பெருகும். பெருகியதை எடுக்காவிட்டால் ஒரு நாள் அது தானே ஃபில்டரிலும் ஃப்ளஷ் டேங்கிலும் வந்து நிற்கும்.

எவ்வளவு எடுப்பது? 130 கிலோலிட்டர், உள்ளே வரும் பிஓடி லிட்டருக்கு 250 மில்லிகிராம் என்றால், நாளுக்கு ஏறத்தாழ 32 கிலோ பிஓடி. அதில் பாதி அளவு, அதாவது 16 கிலோ, உலர் எடையில் புது ஸ்லட்ஜாகும். செட்லிங் டேங்கின் அடியில் அது ஒரு சதவீத அடர்த்தியில் இருக்கும். எனவே நாளுக்கு 1.5 கிலோலிட்டர் சுற்றி எடுத்து ஸ்லட்ஜ் டேங்குக்கு விட வேண்டும். ஜாடி 400ஐத் தாண்டினால் கொஞ்சம் கூட்டுங்கள், 250க்குக் கீழே போனால் குறையுங்கள். வாரத்துக்கு ஒரே நாளில் மொத்தமாக எடுப்பது வேண்டாம்.

ஃபில்டர் பிரஸ்ஸில் பிழிந்தால் கேக் கிடைக்கும். அதை வெயிலில் நன்றாகக் காயவைத்து, மக்கிய பிறகு பூச்செடி, மரங்களுக்குப் போடலாம். கீரைப் பாத்திக்கு வேண்டாம். பிரஸ் துணி கிழிந்து மூலையில் கிடக்கிறதா என்று பாருங்கள். கிடந்தால் ஸ்லட்ஜ் எடுத்து மாதக்கணக்காகிறது என்று புரிந்துகொள்ளலாம், லாக் புக்கில் என்ன எழுதியிருந்தாலும் சரி.

ஃபில்டரும் குளோரினும்

மணல் ஃபில்டரின் மேலேயும் கீழேயும் உள்ள பிரஷர் கேஜ் வித்தியாசம் சதுர சென்டிமீட்டருக்கு 0.5 கிலோவைத் தாண்டினால் பேக்வாஷ், அதாவது தண்ணீரைத் தலைகீழாக விட்டு ஃபில்டரைக் கழுவுவது. அந்தத் தண்ணீர் கலெக்‌ஷன் டேங்குக்கே திரும்ப வேண்டும்.

குளோரினுக்குச் சோடியம் ஹைப்போகுளோரைட் கேன் வாங்குகிறோம். புதிதாக இருக்கும்போது 10 சதவீதம் சுற்றி இருக்கும். சென்னை வெயிலில் மொட்டை மாடியில் வைத்தால் சில வாரத்தில் வெறும் உப்புத் தண்ணீர். நிழலில் வையுங்கள், அதிகம் வாங்கிக் குவிக்காதீர்கள். லிட்டருக்கு 4 மில்லிகிராம் வீதம் 130 கிலோலிட்டருக்கு 520 கிராம் குளோரின், அதாவது நாளுக்கு 5 லிட்டர் சுற்றி ஹைப்போ. அரை மணி நேரம் கலந்து நின்ற பிறகும் 0.5 முதல் 1 மில்லிகிராம் வரை மிச்சக் குளோரின் இருக்க வேண்டும். சொட்டு மருந்து கிட்டில் நிறம் பார்த்தே சொல்லிவிடலாம். ஹைப்போ கேன் பக்கத்தில் ஆசிட் பாட்டிலை வைக்கவே வைக்காதீர்கள். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும், பேஸ்மென்டில் ஓட இடம் இருக்காது.

குழாய்களும் குடியிருப்பவர்களின் நம்பிக்கையும்

சுத்திகரித்த நீர்க்குழாய் முழுக்க ஒரே நிறம் அடியுங்கள். எந்த நிறம் என்பது முக்கியமில்லை, வளாகத்தில் வேறு எதற்கும் அந்த நிறம் இருக்கக் கூடாது. தோட்டக் குழாய்களில் கைப்பிடியைக் கழற்றிச் சாவி போட்டுத் திறக்கும்படி மாற்றுங்கள். குழந்தைகள் விளையாடிவிட்டு வந்து வாயை வைத்துக் குடிப்பது அங்கேதான்.

குடிநீர்க் குழாயும் இதுவும் எங்கேயும் சேரவில்லை என்பதை வருடம் ஒரு தடவை சோதியுங்கள். ஒரு பிளாக்கின் குடிநீர் வால்வை மூடி, குழாயை வடித்துவிட்டு, ஃப்ளஷ் லைனை மட்டும் முழு அழுத்தத்தில் விடுங்கள். எந்த வீட்டுச் சமையலறைக் குழாயிலாவது தண்ணீர் வந்தால் அங்கே இணைப்பு இருக்கிறது. பாத்ரூம் புதுப்பித்த வீடுகளில்தான் இது வரும். ஹெல்த் ஃபாசெட்டை ஃப்ளஷ் லைனில் மாட்டிவிடும் பிளம்பர்கள் உண்டு. எஸ்டிபி தண்ணீர் குறையும்போது ஃப்ளஷ் தொட்டிக்கு மெட்ரோ தண்ணீரோ போர் தண்ணீரோ விடுவீர்கள். அந்தக் குழாயின் முனை தொட்டியின் நீர்மட்டத்துக்கு நன்றாக மேலே நிற்க வேண்டும், உள்ளே முங்கியிருக்கக் கூடாது.

வாசனைப் புகார் வந்தால் பெரும்பாலும் எஸ்டிபி காரணமில்லை, தொட்டிதான் காரணம். சுத்திகரித்த நீர் மாடித் தொட்டியில் இரண்டு நாள் நின்றால் குளோரின் போய், அடியில் படிந்தது புளிக்க ஆரம்பிக்கும். தொட்டியைச் சின்னதாக வைத்து அடிக்கடி நிரப்புங்கள், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கழுவுங்கள். மூன்றாம் மாடி மாமி "தம்பி, தண்ணி மஞ்சளா வருதுப்பா" என்று சொன்னால் அவர் வீட்டு ஃப்ளஷ் டேங்கிலிருந்தே ஒரு பாட்டில் எடுத்துப் பாருங்கள். அவர் நம்பிக்கை போனால் பிளம்பரைக் கூப்பிட்டு நல்ல தண்ணீர் லைனை ஃப்ளஷுக்கு மாற்றிவிடுவார், உங்கள் 54 கிலோலிட்டர் வாடிக்கையாளர்களில் ஒருவர் குறைவார்.

அப்புறம் உப்பு. இதைப் பில்டர்கள் சொல்ல மாட்டார்கள். எஸ்டிபி உப்பை எடுக்காது. உள்ளே என்ன டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்த உப்புகளின் அளவு) போனதோ, கூடவே நம் சோப்பும் சிறுநீரும் சேர்த்த உப்போடு அது வெளியே வரும். மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் ஏறிப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. திருவொற்றியூர், எண்ணூர் கரையோரத்திலும் போர் தண்ணீர் கரிக்கிறது. அந்தத் தண்ணீரைக் கலந்து ஓட்டும் வளாகத்தில் சுத்திகரித்த நீரைத் தோட்டத்துக்கு விட்டால் குரோட்டன்ஸ் இலை ஓரம் கருகும். டிடிஎஸ் 2,000ஐத் தொட்டால் அரளி, பூவரசு, வேம்பு போன்ற தாங்கும் செடி மரங்களுக்கு மாறுங்கள். வாரம் ஒரு தடவை நல்ல தண்ணீர் விட்டு வேரடி உப்பை இறக்குங்கள். ஸ்பிரிங்ளர் வேண்டாம், சொட்டுக் குழாய் போதும்.

மிச்சத் தண்ணீர்

ஆரம்பத்தில் கேட்ட 60 கிலோலிட்டருக்கு வருவோம். மெட்ரோவாட்டர் பாதாள சாக்கடை உங்கள் தெருவில் இருந்தால், அனுமதி வாங்கி மிச்சத்தை அதில் விடுவது நேர்மையான வழி. எழுத்தில் வாங்குங்கள். அக்கம்பக்கத்தில் கட்டடம் எழும்பினால் கான்கிரீட் நனைப்பதற்குக் கேட்டு வருவார்கள். கலவைக்கே வேண்டுமென்றால் ஐஎஸ் 456 தரத்தின்படி கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். ஆகவே சோதனைச் சீட்டு இல்லாமல் தராதீர்கள். லாரியில் போனால் வண்டி எண், அளவு, இடம் மூன்றையும் பதிவு செய்யுங்கள், அந்த லாரி பிறகு குடிநீர் ஏற்றக் கூடாது.

வளாகத்தில் சென்ட்ரல் ஏசி உள்ள கடைகளோ கிளப் ஹவுஸோ இருந்தால் கூலிங் டவர் நல்ல வாடிக்கையாளர். அதற்கு அல்ட்ரா ஃபில்டரும் சாஃப்ட்னரும் கூடுதலாக வேண்டும். செலவைக் கூட்டிப் பார்த்து முடிவெடுங்கள்.

யாரையும் உள்ளே இறக்காதீர்கள்

கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், உரிய பாதுகாப்புக் கருவிகளும் முன்னெச்சரிக்கைகளும் இல்லாமல் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ அபாயகரமான முறையில் மனிதரை இறக்குவதைத் தடை செய்கிறது. இறக்கும் எந்த நபரும் குற்றவாளி. சங்கமும் தப்ப முடியாது. முதல் தடவைக்கு 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். சாக்கடை மரணங்களுக்கு இழப்பீடாக 2014இல் 10 லட்சம் என்று சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக்கியது.

சட்டத்தை விடுங்கள், வாயுவைப் பேசுவோம். மூடிக் கிடக்கும் டேங்கில் ஹைட்ரஜன் சல்ஃபைடு சேரும். குறைந்த அளவில் அழுகிய முட்டை வாசனை. அளவு கூடினால் மூக்கு மரத்துப்போகும், வாசனையே தெரியாது. "நாத்தம் இல்ல, இறங்கலாம்" என்று நினைக்கும் நொடிதான் மிக ஆபத்தானது. ஒருவர் மயங்கி விழுந்ததும் இன்னொருவர் காப்பாற்ற இறங்குவார், அவரும் விழுவார். செய்திகளில் வரும் சாவுகள் பெரும்பாலும் இரண்டு மூன்றாக இருப்பது இதனால்தான்.

எனவே டேங்கை லாரியின் உறிஞ்சுகுழாயும் ஜெட் மிஷினும் கொண்டே சுத்தம் செய்யுங்கள். பம்ப் ரிப்பேர் என்றால் செயின் போட்டு மேலே தூக்கும் அமைப்பு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இந்த வருடப் பட்ஜெட்டில் அதுதான் முதல் செலவு. எஸ்டிபி அறைக்குள்ளேயே எக்ஸாஸ்ட் ஓடாமல் யாரும் போகக் கூடாது. நாலு வாயு காட்டும் மீட்டரை ஆப்பரேட்டர் சட்டையில் மாட்டியிருக்க வேண்டும், அலமாரியில் பூட்டியிருக்கக் கூடாது.

மழைக்காலம்

செப்டம்பர் முடிவதற்குள் மேன்ஹோல் மூடிகளைச் சரிபாருங்கள், மொட்டை மாடித் தண்ணீர் கழிவுநீர்க் குழாயில் சேரும் இடங்களை வெட்டி விடுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தண்ணீர் பேஸ்மென்டில் ஏறிய வளாகங்களில் முதலில் போனது பேனல் போர்டு. அதைத் தரையிலிருந்து ஒரு ஆள் உயரத்துக்கு மேலே, முடிந்தால் தரைத்தளத்துக்கே ஏற்றுங்கள். அதே மழையில் எண்ணூர்ப் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வந்தது நினைவிருக்கும். எண்ணெய் கலந்த வெள்ளம் ஏரேஷன் டேங்கில் புகுந்தால் கல்ச்சர் போய்விடும். புகும் என்று தெரிந்தால் கலெக்‌ஷன் டேங்கிலேயே பம்பை நிறுத்திப் பிடித்து வையுங்கள்.

கரண்ட் போனால் ஒரு ப்ளோயராவது ஜெனரேட்டரில் ஓட வேண்டும். ஒரு நாளுக்கு மேல் காற்றில்லாமல் நின்றுவிட்டால், திரும்ப ஆரம்பிக்கும்போது கழிவுநீர் விடாமல் முதலில் சில மணி நேரம் காற்று மட்டும் கொடுத்து, பிறகு பாதி அளவில் தொடங்குங்கள்.

ஆளும் காசும்

மூன்று ஷிப்டுக்கும் ஆள் வேண்டும். செக்யூரிட்டியிடம் "அப்பப்ப போய் பம்பை மட்டும் பாத்துக்கப்பா" என்று சொல்லி ஓட்டும் எஸ்டிபி எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஆப்பரேட்டருக்குக் கையுறை, பூட்ஸ், குளிக்க ஒரு இடம், டிடி (டெட்டனஸ்) மற்றும் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி ஆகியவை சம்பளத்துக்கு மேல் சலுகை இல்லை, வேலையின் பகுதி.

மாதச் செலவைக் கரண்ட், ஆள், ரசாயனம், ஆய்வகம், ஸ்லட்ஜ் லாரி, தேய்மானம் என்று பிரித்து, வெளியே போன மீட்டர் ரீடிங்கால் வகுங்கள். கிலோலிட்டருக்கு எவ்வளவு என்று வரும். அதைத் தண்ணி லாரிக்குக் கொடுக்கும் விலையோடு சேர்த்து நோட்டீஸ் போர்டில் போடுங்கள். மே மாதத்தில் அந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்த பிறகு, எஸ்டிபிக்கு எதற்கு இத்தனை செலவு என்று ஜெனரல் பாடியில் கேட்பவர்கள் குறைவார்கள்.

ஏஎம்சி (வருடாந்தரப் பராமரிப்பு ஒப்பந்தம்) போடும்போது ஒப்பந்தத்தில் "எஸ்டிபியைப் பராமரிப்பது" என்று எழுதாதீர்கள். வெளியே வரும் நீரில் பிஓடி இத்தனைக்குள், மிச்சக் குளோரின் இத்தனைக்கு மேல், தினமும் ஜாடி சோதனை, தினமும் ஸ்லட்ஜ் எடுப்பு என்று எழுதுங்கள். சாம்பிளை ஒப்பந்ததாரர் எடுத்துப் போகக் கூடாது. என்ஏபிஎல் அங்கீகாரம் உள்ள ஆய்வகத்தின் ஆளே, முன்கூட்டிச் சொல்லாத ஒரு நாளில், காலை உச்ச நேரம் முடிந்ததும் வந்து எடுக்க வேண்டும். ரிப்போர்ட் நேராகச் சங்கத்தின் மெயிலுக்கு வர வேண்டும், பில் பாஸ் ஆவது அதைப் பார்த்த பிறகுதான்.